பாதிக் குளிசை

என் அக்கா மெற்றில்டாவை யாராவது தங்கமான மனுஷி என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலத்தில், தன் சிலிண்டரை மேல்வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, முகத்துவாரத்துக் குட்டி வீட்டில் விறகுப் புகைக்குள் இருமிக்கொண்டு இடியப்பம் அவித்தவள் அவள். புதுக்கடைக் கோர்ட்டடியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பக்கத்தில் ஒருத்தர் சும்மா இருக்க, அவள் தனியாக ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் குணம்தான் கடைசியில் அவள் உயிருக்கே உலை வைத்தது.

அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய். டொக்டர் சாமினி எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். எலும்பு மச்சைக்குள் இருக்கும் கலங்களுக்கு ‘பெருகு’ என்றும் ‘போதும்’ என்றும் செய்தி வந்துகொண்டே இருக்குமாம். அக்காவின் ஒரு கலத்தில், பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் இரண்டு உடைந்து, துண்டு மாறி ஒட்டிக்கொண்டன. அந்தப் பிழையான ஒட்டில் உண்டான புரதம் யாரும் சொல்லாமலே ‘பெருகு, பெருகு’ என்று கத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. நாளுக்கு ஒரு குளிசை போட்டால் மருந்து அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதன் வாயை அடைத்துவிடும். வேளாவேளைக்கு முழுசாகப் போட்டால் காலம் முழுக்க வாழலாம் என்றார்.

கிளினிக்கில் காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில்தான் ஸமீமா அவளுக்குக் கூட்டாளியானாள். கொட்டாஞ்சேனையில் சட்டை தைப்பவள். அதே நோய், அதே குளிசை. இரத்தம் எடுத்து முடிந்ததும் இருவரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, ஒன்றாகவே குளிசையை விழுங்குவார்கள். கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிச் சிரிப்பு வேறு.

பிறகு மருந்துத் தட்டுப்பாடு வந்தது. அந்த முறை அக்காவின் கிளினிக் நாள் முந்தி விழுந்ததால் அவளுக்குச் சில மாதத்துக்கான குளிசை கிடைத்தது. ஸமீமா போய் நின்றபோது, ஜன்னலுக்குள் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் “ஸ்டொக் நே”, மருந்து இல்லை, என்றார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் தெரியாது.

என் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கத்தியை எடுத்துக் குளிசைகளை நடுவால் வெட்டினாள். ஒரு பாதி அவளுக்கு, மறுபாதி ஸமீமாவுக்கு. மாதக்கணக்காக இது நடந்திருக்கிறது. ஹெந்தளையில் இருக்கும் எனக்கு, கூடப்பிறந்தவளுக்கு, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த பரிசோதனையில் இரண்டு பேருக்கும் கெட்ட கலங்கள் ஏறியிருந்தன. டொக்டர் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன்.

“பாதி போட்டா பாதியாவது வேலை செய்யுந்தானே, டொக்டர்?” என்று கேட்டாள் அக்கா.

“இல்ல அன்ரி. பாதி மருந்துக்குச் சாகாத கலங்கள்தான் மிஞ்சிப் பெருகியிருக்கு. அதுகளின்ர புரதத்தில அந்தப் பள்ளத்தின்ர வடிவமே வேற. இனி இந்தக் குளிசைய முழுசாப் போட்டாலும் அதுக்குள்ள இருக்காது.”

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். “உனக்கு மூளை இருக்கா அக்கா? அவளுக்கும் பிரயோசனம் இல்ல, உனக்கும் இல்ல.”

“அவ பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருக்கேக்க, நான் மட்டும் எப்பிடியடி முழுங்கிறது?”

ஒரு நாட்டின் மருந்து அலுமாரி வெறுமையாகக் கிடக்கிறது. அதை நிரப்பச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஏசி அறையில் அறிக்கை விடுகிறார்கள். இடியப்பம் அவிக்கிறவள் தன் உயிரை வெட்டி அதை நிரப்பப் பார்க்கிறாள். ஏச்சு மட்டும் அவளுக்கு, அதுவும் என்னிடமிருந்து.

மாறிப்போன பள்ளத்திலும் உட்காரக்கூடிய வேறு குளிசை ஒன்று இருந்தது. இங்கே அது இல்லை. கனடாவில் இருக்கும் எங்கள் தம்பி றொஹான் நாயாய் அலைந்து அனுப்பிவைத்தான். ஸமீமாவுக்கு அப்படி அலைய வெளிநாட்டில் ஒருத்தரும் இல்லை. குளிசைப் பெட்டி இனி என் கைப்பையில்தான் இருக்கும் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதல் குளிசையைக் கிளினிக்கிலேயே போடச் சொல்லியிருந்தார் டொக்டர். நாங்கள் போனபோது அதே வாங்கில் ஸமீமா இருந்தாள். பாதியாக மெலிந்திருந்தாள். நான் குளிசையை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் குளிசையைப் பார்த்தாள், ஸமீமாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்த நாளில் பார்த்த அதே பார்வை. நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“முழுசாப் போடு,” என்றேன்.

அக்கா உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

“போடுங்க மெற்றில்டாக்கா,” என்றாள் ஸமீமா. “நான் அங்கால திரும்பிக்கொள்றன்.”

முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அக்கா அழுதுகொண்டே விழுங்கினாள்.

“போட்டாச்சா?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் ஸமீமா.