ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டணம்

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரரான ஒல்லாந்தர் இருந்த காலம். ஏரிக்குள் தீவாகக் கிடக்கும் பசியாவரத்தில் அங்காளம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கருவாட்டுக் கூடையோடு ஓடத்தில் கரையேறி, திருப்பாலைவனம் ஊர் வரை நடந்து, நெல்லுக்கு மாற்றி வருவாள். பேச்சு குறைவு, நடை வேகம். தெற்கே மட்டும் அவள் போனதே இல்லை. அவள் புருஷன் தேசப்பன் சலங்கு வலிப்பவன். கடலில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, அலையைத் தாண்டிச் சரக்கு ஏற்றி இறக்கும் படகு அது.

ஒரு பங்குனி மாதம், புதன்கிழமை. அவனோடு துடுப்புப் போடும் சந்தியாகு, சென்னப்பட்டணத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பியவன், நேராக இவர்கள் குடிசைக்கு வந்தான்.

"தேசப்பா, உன் தங்கச்சி கன்னியம்மாவப் பாத்தேன்டா."

தேசப்பன் கையிலிருந்த வலை நழுவியது. ஏழு வருஷத்துக்கு முந்தைய பஞ்சத்தில், பதினோரு வயதுக் கன்னியம்மாவை அவன் அப்பா சென்னப்பட்டணத்தில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி வீட்டு வேலைக்கு விட்டுவிட்டு வந்தார். அவளாவது சாப்பிடட்டும் என்றார். ஆறே மாதத்தில் அவரும் இறந்துபோனார். எந்தத் தெரு, எந்த வீடு என்று யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. அங்காளம்மாள் வாக்கப்பட்டு வந்தது அதற்குப் பிறகு. நாத்தனாரின் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

"இன்னா சொன்னா?"

"அந்தத் தொர சீமைக்குப் போறாராம். செவ்வாக்கெயம கப்பலு. கொயந்தயப் பாத்துக்க இவளையும் இட்டுகினு போறாங்களாம். ஏறினா திரும்பி வர முடியாதுன்னு அய்தா. ஞாயித்துக்கெயம தொர வூட்டாரு வேதக்கோயிலுக்குப் போற நேரம், கோட்டைக்கு வடக்கால, படகு ஏத்தி வெச்சிருக்கிற மணல்ல நிப்பாளாம். அண்ணன வரச்சொல்லுன்னா."

தேசப்பன் கட்டுமரத்தில் போகிறேன் என்றான். அங்காளம்மாள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "தெக்கத்திக் காத்து மூஞ்சில அடிக்குது. எப்பப் போய்ச் சேருவ? நடந்துதான் போவணும். சனிக்கெயம விடிய எறங்கினா பொழுது சாய திருவொத்தியூரு. மறுநாள் காலைல பட்ணம்."

ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தர் சரக்கு ஏற்றுவதில்லை. போகச் சனிக்கும், திரும்பத் திங்களுக்கும் உத்தரவு கேட்டால் போதும். அதைத்தான் தண்டல் தரவில்லை. படகுக்காரர்களுக்கெல்லாம் தலைவன் அவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரையில் நின்று, நாளைப் பொழுது சாயும் வரை எல்லாப் படகும் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

"சொல்லாமப் போயிடுறேன்" என்றான் தேசப்பன்.

"ஒரு துடுப்பு கொறஞ்சா அலை படகப் பொரட்டிடும். மத்தவங்க வூட்டுல பொண்டாட்டி புள்ள இல்லியா?"

"அப்போ அவ கப்பல் ஏறட்டும்னு வுட்டுடச் சொல்றியா?"

அவள் கூழைக் கரைத்து அவன் முன்னால் வைத்தாள். பிறகு, "நான் போறேன்" என்றாள்.

வழி கேட்டுச் சந்தியாகுவிடம் போனாள். "எண்ணூர் கழிமுகத்துல ஓடம் இருக்கும். கடல இடக்கைப் பக்கமே வெச்சிக்கினு நட. பட்ணத்துக்குள்ள மட்டும் பூந்துடாத அங்காளு. தெருவுக்குள்ள தெரு போய்க்கினே இருக்கும், வெளிய வர முடியாது" என்றான். திரும்பி வந்து புருஷனிடம் அடையாளம் கேட்டாள். இடது புருவத்தில் துடுப்பு பட்ட வெட்டுத் தழும்பு.

"நான் உன் பொண்டாட்டின்னு அவ எப்பிடி நம்புவா? சின்னதுல இன்னான்னு கூப்டுவீங்க?"

"நண்டு" என்றான் தேசப்பன். சொன்னதுமே அழுதுவிட்டான்.

சனிக்கிழமை விடிய அவள் கருவாட்டுக் கூடையோடு கிளம்பினாள். எண்ணூரில் ஓடக்காரன் அக்கரையில் இருந்தான். அவன் வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. மீதி மணலை ஓட்டமும் நடையுமாகக் கடந்து, திருவொற்றியூர்க் கோயில் மண்டபத்தில் யாத்திரைக்காரர்களோடு படுத்தாள். தூக்கம் வரவில்லை.

காலையில் பட்டணம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. குடிசைகள், கிடங்குகள், மறுபடி குடிசைகள், அப்புறம் வெள்ளைச் சுவர். மணலில் நூறு படகாவது இருக்கும். எந்தப் படகருகே நிற்பாள்? கோட்டைக்குள் வேதக்கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அங்காளம்மாள் பெண்களின் புருவத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பேர் அவளைத் திட்டினார்கள்.

கடைசியில், சிவந்த தலைமுடிக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தியிடம் தழும்பைக் கண்டாள்.

"நண்டு."

அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அண்ணன் வரலியா?"

"வர வுடல. நான் உன் அண்ணி. வா, போவலாம்."

கன்னியம்மா குழந்தையைப் பார்த்தாள். "பொறந்ததுலேருந்து என் கையிலதான் வளருது. இத இன்னா பண்றது அண்ணி?"

"வூட்டுல யாரு கீறாங்க?"

"சமையக்கார மார்கரெட்டக்கா."

"அவங்க கையில குடுத்துட்டு வா. மணல்ல போட்டுட்டு ஓட வாணாம். நான் இங்கயே நிக்கிறேன்."

போனவள் வரவில்லை. மறுபடி மணி அடித்தது. வழிபாடு முடிந்து துரைமார் பல்லக்குகள் கோட்டை வாசலைவிட்டு வெளியே வரத் தொடங்கின. போகவிட்டது தப்போ என்று அங்காளம்மாள் மணலில் முன்னும் பின்னும் நடந்தாள். பட்டணத்துக்குள் போய்த் தேட அவளுக்கு ஒரு தெருவும் தெரியாது. கிளம்பிவிடலாமா என்று கூடையைத் தூக்கினாள், திரும்ப வைத்தாள்.

கன்னியம்மா இடுப்பில் குழந்தை இல்லாமல் ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். "அம்மான்னு கத்துச்சு அண்ணி."

அங்காளம்மாள் கூடையில் கொண்டுவந்திருந்த பழஞ்சேலையை அவள்மேல் சுற்றி, கூடையைத் தன் தலையில் ஏற்றினாள். ஊர் எல்லையில் காவல்காரன் மறித்தான்.

"எந்த ஊரு?"

"எண்ணூரு. கருவாடு விக்க வந்தோம்" என்று அங்காளம்மாள் கூடையின் மூடியைத் திறந்து அவன் முகத்தருகே நீட்டினாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னான். திருவொற்றியூர் கோபுரம் தெரியும்வரை இருவரும் நடையைக் குறைக்கவில்லை.

திங்கள்கிழமை சாயங்காலம் பழவேற்காட்டுக் கரையில் போய் நின்றார்கள். தேசப்பன் அலைமேல் இருந்தான். பார்த்துவிட்டான், ஆனால் துடுப்பை விட முடியாது. படகு தரை தட்டியதும் குதித்து, இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்து வந்தான்.

கப்பல் கிளம்பும் செவ்வாய்க்கிழமை கன்னியம்மா சாப்பிடவில்லை. சீமை எந்தப் பக்கம் என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அங்காளம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கூடை மீனை நடுவில் கொட்டி, அரிவாள்மணையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.