கறுப்புச் சைக்கிளின் ஏழாவது தாள்

சுவரில் தொங்கிய அந்தச் சைக்கிளைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது, யாரோ அதை எண்ணெய் போட்டு நன்றாகத் துடைத்திருக்கிறார்கள் என்பதுதான். மனம் அப்படிப்பட்டது, ஒளிந்துகொள்ள ஒரு சந்து கிடைத்தால் முதலில் அதற்குள் புகுந்துவிடும். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் சேவியர் போன வாரம் திறந்த தேநீர்க் கடை அது. உள்ளே நான்கு மேசைகள், வெளியே குடைகளின் கீழ் மூன்று. சுவரில் முன்சக்கரம் மேல்நோக்கி நிற்க, கறுப்புச் சைக்கிள். அதன் உடலைச் சுற்றிப் பிளாஸ்டிக் கொடி. கொடிக்குள் சின்னச் சின்ன விளக்குகள்.

"ஒங்க வண்டி சார். நீங்க பாத்து எடுத்துக் கொடுத்ததுலா. வாரவன் பூராவும் இதுகூட நின்னுதான் போட்டோ எடுக்கான்" என்றான் சேவியர். சொல்லிவிட்டு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தான். கடை திறந்த நாளிலேயே என்னை அழைத்திருந்தான். முழங்கால் வலி என்று சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். முழங்கால் வலி உண்மைதான்; எனக்கு எப்போதும் ஓர் உண்மை கைவசம் இருக்கும்.

டயரை மட்டும் புதிதாக மாற்றியிருந்தான். புது ரப்பரின் வாசனைக்கு உங்களுக்கு என்ன நினைவு வருமோ, எனக்கு எங்கள் கிட்டங்கி நினைவுதான் வரும். கப்பலில் ஏற்றவும் இறக்கவும் வேண்டிய சரக்கை அடுக்கிவைக்கும் பெரிய கொட்டகை அது. அவுரி இலை, கருவாடு, சாக்கு மூட்டை, இவற்றின் வாசனைகளுக்கு நடுவே எப்போதாவது வெளிநாட்டு அட்டைப்பெட்டி ஒன்று திறக்கப்பட்டால், புத்தம் புதிய ரப்பரும் நுரைப்பஞ்சுமாக வேறோர் உலகம் வந்து இறங்கும். அந்தச் சரக்குகளுக்குச் சுங்கத்தில் காகிதம் போட்டு விடுவித்துத் தரும் நிறுவனத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் பெருமாள் கோயில் மணியோசைக்குள் வளர்ந்தவன் ஆகையால், சரக்குப் பட்டியலில் எடையைத் தட்டச்சு செய்யும்போதும் வாய் தன்பாட்டுக்கு ஒரு பத்துப் பாசுரத்தைச் சொல்லி முடித்திருக்கும். அலுவலகத்தில் எனக்கு 'பாசுரம் சார்' என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சைக்கிள் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், ஒன்றுமில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பன்னிரண்டு வயதில் ஒரு மணி நேர வாடகைக்கு எடுத்து நேராக வாய்க்காலுக்குள் விட்டேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் சைக்கிளைத் தூக்கினார்கள், பிறகு என்னை. அதற்குப் பின் நான் ஏறவில்லை. ஆனால் காகிதத்தில் எழுதியிருப்பது எதுவானாலும் வாசித்துச் சொல்லுவேன். நான் ஒரு சரக்கைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதே கிடையாது. எல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்டதுதான்.

சேவியர் இதற்கு நேர்மாறு. கடற்கரையில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த ஒருவரின் மகன். எங்கள் நிறுவனத்தில், கப்பலடியில் நின்று மூட்டைகளை எண்ணிக் குறிப்பவன். படிப்பு குறைவு; காற்று தெரியும். என் மேசைக்கு எதிரே, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். காற்று படும்படி கன்னத்தை லேசாகச் சாய்ப்பான். "சார், பதினோரு மணிக்குக் கச்சான் எறங்கிரும். பேப்பர் மேல வெயிட்ட வைங்க." கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் காற்று, வெயில் காலத்தில் மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு வரும். நான் மேசைமேல் இருக்கும் சங்கை எடுத்துக் காகிதங்கள் மேல் வைப்பேன். சொன்ன நேரத்துக்குச் சன்னல் கதவு அடித்துக்கொள்ளும். ஒரு நாள்கூட அவன் தவறியதில்லை. என் காகிதங்கள் பறக்காமல் இருந்தது அவன் கன்னத்தால்தான்.

அவன் பந்தயச் சைக்கிளும் ஓட்டினான். என் மகனும் ஓட்டினான்.

அந்தக் காலத்தில்தான், அதாவது ஒரு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர் முதலாளிகளுக்குச் சைக்கிள் பித்துப் பிடித்தது. வயிற்றை மறைக்கவே தெரியாத ஓர் உடுப்பை மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் பத்துப் பதினைந்து பேர் கடற்கரைச் சாலையில் போவார்கள். எங்கள் முதலாளி அதில் முக்கியமானவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். வெளிநாட்டில் இருந்த அவருடைய மருமகன் இரண்டு பந்தயச் சைக்கிள்கள் அனுப்பினார். அண்ணாச்சிக்கு அவற்றில் ஏறிக் குனிய முடியவில்லை. எனவே கொடை வள்ளல் ஆனார். மாவட்டத் தேர்வுப் பந்தயம் வரப்போகிறது. மாவட்டத்திலிருந்து ஒருவர்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே பெயர் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை.

"ரெண்டு வண்டி, ரெண்டு பேரு. போன வருசம் செயிச்சது சேவியரு. ஏலே, நீ மொதல்ல எடு. மிச்சத்தப் பாசுரம் சார் மவன் எடுக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னைப் பார்த்து, "கூட வந்த பேப்பரெல்லாம் படிச்சு சேவியருக்கு வெவரம் சொல்லுங்க சார். அவனுக்கு இங்கிலீசு ஏறாது" என்றார்.

கிட்டங்கியில் இரண்டையும் நிறுத்தியிருந்தோம். ஒன்று நீலம், ஒல்லிக் குழாய்கள், மெல்லிய சக்கரங்கள், இரண்டு விரலால் தூக்கிவிடலாம். மற்றொன்று கறுப்பு. அதன் உடல் கத்தி போலத் தட்டையாக இருந்தது. சக்கரத்தின் ரிம் நான்கு விரல் அகலத்துக்குத் தகடு போல உள்நோக்கி இறங்கியிருந்தது. சுற்றி நின்ற எல்லோர் கண்ணும் கறுப்பின் மேல்தான். என் மகன் அதைப் பார்த்த பார்வையை, பசித்த குழந்தை அடுத்த இலையைப் பார்க்கும் பார்வை என்றுதான் சொல்ல வேண்டும்.

சேவியர் மட்டும் நீலத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். பிறகு கறுப்பிடம் வந்து, ரிம்மின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான்.

"சார், இது வள்ளத்துப் பாய் மாதிரிலா இருக்கு. காத்தப் புடிச்சிராது?"

முதல் நாள் மாலையே, கறுப்பு வண்டியோடு வந்த ஏழு தாள்களையும் நான் வாசித்திருந்தேன். மூன்றாவது தாளில், எதிர்க்காற்று இந்த வடிவத்தில் வழுக்கிக்கொண்டு போகும், சமதரையில் இதற்கு நிகர் இல்லை என்று இருந்தது. ஏழாவது தாள் மெல்லியது, சக்கரத்தோடு தனியாக வந்தது. பலத்த பக்கக் காற்றில் முன்சக்கரம் பிடுங்கித் திருப்பப்படலாம். எடை குறைந்தவர்கள் இந்தச் சக்கரத்தைத் தவிர்த்துச் சாதாரணச் சக்கரம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. சேவியர் ஐம்பத்திரண்டு கிலோ. பந்தயச் சாலை முத்தையாபுரத்திலிருந்து உப்பளங்களுக்கு நடுவே தெற்கே போகிறது. கச்சான் மேற்கிலிருந்து வருகிறது. இவ்வளவையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க நான் பெரிய அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை.

"எதிர்காத்து வழுக்கிட்டுப் போயிரும்னு போட்ருக்கு" என்றேன்.

"பக்கத்துக் காத்துக்கு?"

"அதப்பத்தி ஒண்ணும் போடல."

அவன் நீலத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று கறுப்பின் கைப்பிடியைப் பிடித்தான். அவன் கையில் நான் ஆறு தாள்களைக் கொடுத்தேன்.

அவன் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தடுமாற வேண்டும், பின்தங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இந்த இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றியது.

அன்று மாலை என் மகன் சாப்பிடவில்லை. "ஒங்க ஆபீஸு, ஒங்க கையில பேப்பரு. எனக்கு அந்த வண்டிய எடுத்துத்தர முடியலல்லா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். நான் பூசை அறையில் உட்கார்ந்து பாசுரப் புத்தகத்தைத் திறந்தேன். மண்ணும் நீரும் தீயும் காற்றுமாய் நிற்பவன் அவனே என்று அன்றும் சொன்னேன். ஏழாவது தாளை நான்காக மடித்து, நிறுத்திய இடத்துக்கு அடையாளமாக உள்ளே வைத்தேன்.

அடுத்த ஐந்து நாட்களும் சேவியர் விடியற்காலையில் பழகினான். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் இலை அசையாது. "வழுக்கிட்டுதான் சார் போவுது. நீங்க சொன்னது மாதிரியே" என்று வேர்த்து விறுவிறுத்து வந்து சொன்னான். வரும்போது எனக்கு ஒரு வடை வாங்கி வந்தான். அதைத் தின்றேன்.

பந்தயம் ஆறு மணிக்கு என்று அச்சடித்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்பதரைக்கு வந்தார். வந்தவருக்குப் பொன்னாடை, வந்தவரை அழைத்து வந்தவருக்குப் பொன்னாடை, பந்தல் போட்டவருக்கும் ஒன்று. பெயர்ப் பட்டியலை வாசித்தவன் நான். மேடையின் ஓரத்துக்குச் சேவியர் வந்தான். கன்னத்தைச் சாய்த்திருந்தான்.

"சார், கச்சான் இன்னிக்குச் சீக்கிரமா எறங்குது. என் பழைய வண்டி முன்சக்கரம் என் தம்பி கையில இருக்கு. அத மாட்டிக்கிடட்டுமா?"

என் கையில் அடுத்த பொன்னாடை இருந்தது. "ஏற்கெனவே நேரமாச்சு. போய் வரிசையில நில்லு" என்றேன்.

போனான். சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான்.

அண்ணாச்சியின் காரில் நான் பின்னால் போனேன். சாலையின் மேற்குப் பக்கம் நெடுகிலும் உப்புக் குவியல்கள், ஓலை போட்டு மூடியவை. அவற்றின் மறைவில் காற்றே இல்லை. சேவியர் முன்னால், என் மகன் ஐம்பது அடி பின்னால். "காத்தாப் பறக்கான்வே அவன்" என்று அண்ணாச்சி தொடையைத் தட்டினார். குவியல்களின் வரிசை முடிந்த இடத்தில், சேவியரின் முன்சக்கரம், யாரோ கையால் முறுக்கியது போலத் திரும்பியது. வரப்பில் மோதி, உப்புப் பாத்திக்குள் விழுந்தான். இடுப்பு முறிந்தபோது அவன் கத்தவில்லை. தோல் உரிந்த தொடையில் உப்புநீர் ஏறிய பிறகுதான் கத்தினான். காரிலிருந்து எல்லோரும் இறங்கி ஓடினார்கள். நானும் இறங்கினேன், ஆனால் நான் முதலில் பார்த்தது பாத்தியை அல்ல, சாலையை. என் மகன் கடந்து போய்விட்டானா என்று பார்த்தேன். போய்விட்டான்.

பந்தயக் குழுவுக்கு விபத்து அறிக்கை ஒன்று தேவைப்பட்டது. காகிதம் என்றால் நான்தானே. 'காற்றின் போக்கைக் கணிப்பதில் வீரர் தவறியமையால்' என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக அமைந்தது என்று அப்போது எனக்குத் தோன்றியதும் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை வாசித்துக் காட்டினேன். சேவியர் கூரையைப் பார்த்தபடி கேட்டான். "வாஸ்தவம் சார். நாந்தான் சரியாப் பாக்கல" என்று கையெழுத்துப் போட்டான். கட்டிலின் கால்மாட்டில் அவன் அப்பா நின்றிருந்தார். அவர் சிரித்தார். "கடல்காரன் மவன் காத்துல விழுந்தான்னு சொன்னா எவம்ல நம்புவான்? இனி ஒன்ன வள்ளத்துல ஏத்துனா, மீனு சிரிக்கும்ல." வேதனையில் சொன்ன கேலிதான். ஆனால் அந்தக் கேலி ஆஸ்பத்திரியை விட்டு அவருக்கு முன்பே கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காத்து தெரியாதவன் என்பதே அங்கே அவனுக்குப் பெயராயிற்று.

என் மகன் மாநிலப் போட்டிக்குப் போனான், வேலை கிடைத்தது. "நல்ல வேளப்பா, அந்தக் கறுப்பு வண்டி எனக்கு வரல" என்றான் ஒருநாள். "பெருமாள் காப்பாத்தினார்" என்றேன் நான்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். நிறுவனம் கைமாறியது. கிட்டங்கி இருந்த இடத்தில் கார் விற்கிறார்கள். பந்தயம் நடத்த ஆள் இல்லை. சேவியர் விழுந்த பாத்தியை மண் கொட்டி மேடாக்கி, மதில் கட்டிவிட்டார்கள். ஏழாவது தாள் மட்டும் பாசுரப் புத்தகத்தில் அதே பக்கத்தில் இருந்தது. அந்தப் பத்துப் பாசுரங்களை மட்டும் நான் புத்தகம் பார்க்காமல் சொல்லப் பழகிக்கொண்டேன்.

கடைக்குப் புறப்பட்ட அன்று காலை, அந்தத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த முறை கொடுத்துவிடுவது என்று தீர்மானம். தேநீர் வந்தது; நன்றாக இருந்தது. பணம் வாங்க மாட்டேன் என்றான். "ஆஸ்பத்திரிப் பேப்பரெல்லாம் நீங்க எழுதித்தரலன்னா நான் எங்க சார் இருந்திருப்பேன்" என்றான். என் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

அப்போது குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, வெளிய ஒக்காரலாமா? காத்து அடிக்குமா?"

சேவியர் போனை எடுத்தான். கண்ணைச் சுருக்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "பன்னெண்டு மணி வரைக்கும் காத்து இல்லன்னு போட்ருக்குக்கா. தாராளமா ஒக்காருங்க." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "மூஞ்சிய நம்பி ஒருக்கா பட்டது போதும் சார். இப்பம் எல்லாம் இதுல பாத்துத்தான்."

என் இடது கன்னத்தில் உப்பு ஒட்டியது. வெளியே குடையின் ஓரம் படபடத்தது. சேவியர் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைகள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கின. சட்டைப் பையிலிருந்து கையை வெறுமனே எடுத்து, அவை பறந்துவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.