ஒட்டுத் தெரியாத சத்தம்

ஸ்ரீவராகத்தில் ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் சூடாமணியிடம்தான் கொடுப்பார்கள். சொன்ன நாளில் கிடைக்கும், கை பிடிக்காது. கூடவே கேட்காத புத்திமதியும் கிடைக்கும். முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். எதிர்ச் சுவரோரம் அவள் கணவர் பஞ்சாபகேசனின் எலெக்ட்ரிக் கிதார், ஆம்ப்ளிஃபயர், காலால் மிதிக்கிற இரண்டு மூன்று டப்பாக்கள். நடுவே ஊஞ்சல். பதினாறு வருஷமாக அதுதான் எல்லைக்கோடு.

பஞ்சாபகேசன் பாங்கில் கிளார்க். சாயங்காலம் வந்து காபி குடித்ததும் கிதாரை மாட்டிக்கொள்வார். பாட்டு வாசித்தாலாவது பரவாயில்லை. ஒரு தந்தியைத் தட்டுவார், டப்பாவை மிதிப்பார், டப்பா அதே சத்தத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் இன்னொரு சத்தம், அதற்கும் மேல் இன்னொன்று. லூப் என்று பேர்.

"சொன்னதையே சொல்றதுக்கு ஒரு மெஷினா? ஒங்கம்மா இருந்தவரைக்கும் இந்தாத்துல அது சும்மாவே நடந்துது" என்றாள் ஒருநாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் அவள் ஏழு ரவிக்கை முடித்தாள்.

2003-ல் ஓணம் கழிந்த வாரம் ஷிபு வந்தான். பாறசாலைக்காரன், நாடகம் போடுகிறவன், அதற்கு வேண்டிய அளவு தாடி உண்டு.

"சாரே, கடலுக்குப் போனவன் திரும்பி வரல்ல. வீட்டுல காத்திருக்காவ. அர மணிக்கூர் நாடகம். அடியில ஒரே சத்தம் ஓடிட்டே இருக்கணும், எடையில அறுந்தா காத்திருப்பு போச்சு. நடக்குமா?"

"நடக்கும்" என்றார் பஞ்சாபகேசன்.

"இல்லேன்னா இப்பமே சொல்லிருங்க. கீபோர்டுல ஒரு கட்டைய அமுக்கி செலோடேப் போட்டு ஒட்டிருவேன்."

அவன் போனதும் சூடாமணி கேட்டாள். "ஏன்னா, அதையே செஞ்சா என்ன?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இவரை வாசிக்கக் கூப்பிட்டவன் ஒருத்தன். அவனுக்கும் இவருக்கு மாற்று ஒரு செலோடேப்.

சிக்கல் என்னவென்றால், தட்டிய தந்தி பத்து எண்ணுவதற்குள் இளைத்து அடங்கிவிடும். அதை லூப்பில் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டுகிற இடம் 'ட்டொய்ங்' என்று தலையை நீட்டும்.

"ஒட்டுத் தெரியறதே" என்றாள் சூடாமணி, ஊசியில் நூல் கோத்தபடி. "துணிக்குத் துணி சேர்ற எடம் துருத்திண்டு நிக்கற மாதிரி."

"அதேதான்" என்றவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இவளுக்குக் காது இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகிவிட்டு அதன் மூஞ்சிக்கு நேரே கிதாரோடு நின்றார். வருகிற சத்தமே தந்தியை ஆட்டும், அடங்காது என்பது கணக்கு. அடங்கவில்லைதான். ஆனால் ஊளையிட்டது. அடுக்களையில் எவர்சில்வர் டம்ளர்கள் குதித்தன. அளவு கொடுக்க வந்திருந்த ஜெயபாய் கையைத் தூக்கியபடியே கேட்டாள்.

"மாமி, வீட்டுல மாடு வாங்கியாச்சா?"

"மாடில்லை, மாமாவாக்கும். நேரா நில்லு."

"கன்னு ஈனும்போ ஒத்தாசைக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க."

மறுநாளே அந்த வழி மூடப்பட்டது. சூடாமணி பிளக்கைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். இனிமேல் ஊளையிடாது என்று அவர் சொன்ன பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்து இன்டர்நெட் கடையிலிருந்து காகிதங்கள் வந்தன. தந்தி ஆடுகிற ஆட்டத்தையே பெரிசாக்கி, ஒரு சின்னக் காந்தச் சுருள் வழியாகத் திரும்ப அந்தத் தந்திக்கே காட்டினால் அது நிற்காமல் ஆடிக்கொண்டிருக்குமாம், இரைச்சலும் இல்லையாம். பெரிசாக்குவதற்கு அடுக்களை ரேடியோவின் வயிற்றைக் கிழித்தார். காந்தத்தை அதன் ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்தார். அவளைக் கேட்கவில்லை. சாலை பஜாரிலிருந்து தலைமுடி மாதிரி செம்புக் கம்பி வாங்கி வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு போல்ட்டில் சுற்றினார். நூற்றிருபது சுற்று வேண்டும். நாற்பதில் அறுந்தது. மறுபடி தொடங்கி எழுபதில் எண்ணிக்கை மறந்தார். தினமும் நோட்டு எண்ணுகிற மனுஷன்.

மூன்று நாள் பொறுத்த சூடாமணி நாலாம் நாள் எழுந்து வந்தாள். மெஷினிலிருந்து அடிநூலுக்கான குட்டி பிளாஸ்டிக் பாபினை எடுத்து, நூல் சுற்றுகிற முனையில் மாட்டி, கம்பியை விரலிடுக்கில் பிடித்து, காலால் மெல்ல மிதித்தாள்.

"எண்ணுங்கோ, அதையாவது செய்யுங்கோ. நூலானா என்ன, கம்பியானா என்ன, இறுக்கினா அறுந்துடும்."

சுருள் பட்டுப் போல அமைந்தது. நடுவே போல்ட்டை நுழைத்து, அடியில் காந்தத்தை ஒட்டி, ஒயரை இணைத்துத் தந்தி மேல் பிடித்தார். தட்டினார். சும்மா விட்டால் பத்து எண்ணும்வரை நிற்கிற சத்தம் இப்போது மூன்றிலேயே செத்தது.

அவர் காகிதங்களைப் புரட்டினார். கணக்குப் போட்டார். மறுபடி தட்டினார், மறுபடி செத்தது. கடைசியில் எழுந்து போய் டெலிபோனை எடுத்தார்.

"ஷிபுகிட்ட சொல்லிடறேன். செலோடேப்பே ஒட்டிக்கட்டும்."

"வைங்கோ ஃபோனை. கையை மாத்தித் தெச்சிருக்கேள்."

"என்னது?"

"வலக்கைய இடப்பக்கம் வெச்சுத் தெச்சா ரவிக்கைக்குள்ள நுழைய முடியுமா? துணியில தப்பில்லை, தையல்லயும் தப்பில்லை. பிரிச்சு மாத்தினாப் போறும். அந்தச் சுருளுக்கு ரெண்டு வால் இருக்கோல்லியோ, மாத்திப் பாருங்கோ."

"அது அப்படியில்லை சூடா, கரண்டுங்கறது..."

"மாத்தறதுக்கு நாள் பாக்கணுமா?"

மாற்றினார். இவ்வளவு நேரமும் சுருள் தந்தியை எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, ஊஞ்சலில் ஆடி வருகிறவனை எதிரே நின்று பிடிக்கிற மாதிரி. இப்போது போகிற போக்கிலேயே தள்ளியது. தட்டக்கூட இல்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சத்தம் மெல்லக் கிளம்பி, நிரம்பி, அப்படியே நின்றது. சூடாமணி மூன்று கொக்கி தைத்து முடித்தாள். இன்னும் நின்றது. டம்ளர் ஒன்றும் அசையவில்லை. டப்பாவில் போட்டுச் சுற்றவிட்டார். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பார்க்காத மாதிரி நூலைப் பல்லால் கடித்தாள்.

வழுதக்காட்டில் நாடகம். சூடாமணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் போனபின் பக்கத்து சீட்டு ஆள் கேட்டார், "வெளியில ஜெனரேட்டர் ஓடுதோ?" கடைசியில் மேடையில் காத்திருந்தவள் கதவைச் சாத்தினாள். பஞ்சாபகேசன் காலால் மிதித்தார். சத்தம் நின்றது. விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹால் முழுக்கத் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தது. பின்வரிசையில் யாரோ, "கரண்டு போச்சா?" என்றார்கள்.

அப்புறம் கதவைச் சாத்தினவளுக்குக் கைதட்டினார்கள். ஷிபு மைக்கில் எல்லார் பேரையும் சொன்னான், பஞ்சாபகேசன் பேரை மறந்தான். அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை.

ஆட்டோவில் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "எப்படி இருந்தது?"

"ஒட்டுத் தெரியலை."

கிழக்கேகோட்டை தாண்டும்வரை அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ரொம்ப இளிக்க வேண்டாம்" என்றாள் சூடாமணி. "என் ரேடியோ நாளைக்குக் காலம்பற பாடணும்."

பாபினை அவள் திருப்பிக் கேட்கவில்லை.