போடி மலையில் ஒரு கடலாமை

விலங்கியல் படித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் கிடந்த எனக்கு மதுரையில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. குவாரியோ ஆலையோ துறைமுகமோ வரப்போகிற இடத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, அவற்றுக்கு என்ன ஆகும் என்று ஆய்வு அறிக்கை எழுதித் தருவதுதான் அவர்கள் தொழில். காட்டையும் தொழிலையும் சேர்த்துக் காப்பாற்றும் வேலை என்று நம்பித்தான் போனேன்.

முதல் வேலையே எங்கள் ஊர்ப் பக்கம். போடிக்கு மேற்கே ஒரு மலைச்சரிவை உடைத்து ஜல்லி எடுக்க யாரோ விண்ணப்பித்திருந்தார்கள். எனக்கு வழிகாட்ட வந்தவர், ஏலத்தோட்டங்களுக்கு மூட்டை சுமந்து அந்தச் சரிவில் ஏறி இறங்கிப் பழகியவர். அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். மூன்று நாள் நடந்தோம். ஓடையோரம் காட்டுமாட்டின் குளம்படிகள், உச்சிக்கிளையில் மலை அணில் கூடு. ஒரு மரத்தில் கரடி நகம் பதித்து ஏறிய கீறல்கள். பட்டையில் ஈரம் காயவில்லை.

"தேனுக்கு ஏறியிருக்கு. நேத்துத்தேன்" என்றார். "ஒண்ணு விடாம எழுதிப்புடு தாயி."

எழுதினேன். மேலாளர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"கரடின்னு போட்டா ஃபைல் நகராதும்மா. முயல், கீரி, காக்கா போதும்."

"நான் பார்த்தேன் சார்."

"கீறலத்தானே பார்த்தீங்க? கரடியப் பார்த்தீங்களா?"

என் பெயர் அறிக்கையில் இருக்கும் என்பது தெரியும். தலையாட்டிவிட்டு என் மேசைக்குப் போனேன்.

சில மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். வாசலில் பிரியாணிப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. மேடையில் இருந்த அதிகாரி, வளர்ச்சியும் வேண்டும், வனமும் வேண்டும், சமநிலைதான் முக்கியம் என்று பேசினார். வேலை கிடைக்குமா என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

அப்போது அண்ணன் எழுந்தார். கையில் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம்.

"ஐயா, இதுல கடலாமைன்னு போட்டிருக்கே, எங்க மலைக்கு அது எந்த பஸ்சுல வந்துச்சு?"

மண்டபமே சிரித்தது. துறைமுகம் ஒன்றுக்குத் தயாரித்த பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கரடியை நீக்கினவர்களுக்கு ஆமையை நீக்கக்கூடத் தோன்றவில்லை. இதையெல்லாம் யாரும் படிக்கப்போவதில்லை என்று அத்தனை நிச்சயம் அவர்களுக்கு.

"இந்தப் பிள்ளதேன் என்கூட வந்துச்சு. கரடித் தடத்தைக் காமிச்சேன். அதையே கேளுங்க."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மேலாளர் என்னைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, "நான் உதவியாளர் மட்டும்தான் சார். இறுதி அறிக்கை அலுவலகத்துல தயாரிச்சது" என்றேன். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. அண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். பொட்டலத்தை வாங்கவில்லை. என் கையில் ஒன்றைத் திணித்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அதைச் சுமந்துவந்திருக்கிறேன். அந்த நெய் வாசம் இன்றைக்கும் எனக்கு ஆகாது.

அந்த வாரமே வேலையை விட்டேன். என் கைப்பட எழுதிய குறிப்புகளை நகலெடுத்து, கையெழுத்திட்டு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கேட்ட பரப்பில் பாதிக்கு அனுமதி வந்தது. மரக்கன்று நட வேண்டும் என்று நிபந்தனை. பாதி மலை என்றால் பாதிக் கரடியா? அதற்குப் பெயர்தான் சமநிலை. அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்கப் போனேன். "சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

போன மாதம் அம்மாவோடு குரங்கணிக்கு பஸ்சில் போனேன். அந்தச் சரிவிலிருந்து ஜல்லி லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக இறங்கின. சாலையோர இலைகளெல்லாம் கல்தூசி படிந்து வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கல்லு இல்லாம வீடு எப்பிடிக் கட்டுறது? நாளைக்கு நீயும் கட்டத்தானே போற?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். வாய்க்குள் நறநறவென்று தூசி கடிபட்டது. ஜன்னலுக்கு வெளியே துப்பினேன். மறுபடியும் கடிபட்டது.