அக்குளில் இருந்த நாற்பத்திரண்டு

அண்ணி பதினோரு வருடமாக ஆஸ்பத்திரிப் பதிவறையில் கோப்புகளை அடுக்குகிறார். அந்த அறையை மூடப்போகிறார்கள். கலைந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் ஒரு புரோகிராமை திங்கட்கிழமை எழுதிக் காட்டினால் கம்ப்யூட்டர் பிரிவில் நாற்காலி. இல்லாவிட்டால் வெளியூர்க் கிளைக்கு மாற்றல். பிறகு ஞாயிறு மட்டும்தான் வீடு. அங்கே போக வேண்டியிருந்தால் என்று பரணிலிருந்து இறக்கிய பெட்டி கூடத்தில் வாய் திறந்து கிடந்தது.

ஞாயிறு மதியம் ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பித் தணிந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டு, பெரியது முன்னால் நின்றால் இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அண்ணி சி மொழியில் எழுதி ஓட்டினார். 42, 17, 30, 8, 25 என்று கொடுத்தால் 8, 8, 8, 8, 25 என்று வந்தது.

"மூணு நோயாளியைத் தொலைச்சிட்டியே," என்றான் அண்ணன், இஸ்திரி போட்டபடி. "நாளைக்கு அவங்க வந்து நின்னா, எட்டாம் நம்பரைப் போய்க் கேளுங்கன்னு சொல்லுவியா?"

"நீங்க சட்டையைத் தீய்க்காம இருங்க, போதும்."

அண்ணி வெறுந்தரையில் படுத்தார். கண்கள் பாதி மூடின. கைகள் மட்டும் அங்கே இல்லாத அலமாரியை நோக்கி எழுந்தன. ஒன்றை உருவின, இன்னொன்றை நகர்த்தின. நீருக்குள் நடப்பதுபோல் அத்தனை மெதுவாக. பழைய காகித வாசனைகூட வந்தது எனக்கு. ஒவ்வொரு முறையும் அவருடைய இடது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணி, அக்குள்ல என்ன வச்சிருக்கீங்க?"

"நாப்பத்திரண்டு," என்றார் கண் திறக்காமல். பிறகு திறந்தார்.

இத்தனை வருடமும் முதல் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் இரண்டாவதை நகர்த்தியிருக்கிறார். அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை, அதனால் எழுதவுமில்லை. புரோகிராமில், அதன் இடத்தில் பதினேழு வந்து உட்கார்ந்ததும் நாற்பத்திரண்டு இருந்த சுவடே இல்லாமல் போயிருந்தது. எண்ணைச் சற்று நேரம் வைத்திருக்க ஒரு மாறியைச் சேர்த்து, அதற்கு அக்குள் என்றே பெயர் வைத்தார்.

8, 17, 25, 30, 42.

மறுநாள் மேலதிகாரி அந்த வரியில் விரலை வைத்து, "இது என்னம்மா பேரு?" என்றாராம்.

"கைமாத்தும்போது வச்சுக்கிற இடம், சார்."

அவர் தன் இஷ்டத்துக்கு இருபது எண்களைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் தொலையவில்லை.

மாலையில் அண்ணி வந்து செருப்பைக் கழற்றினார். நேராகக் கூடத்துக்குப் போய்ப் பெட்டியை மூடினார்.

"ஏங்க, ஸ்டூலைக் கொஞ்சம் பிடிங்க. இதை மேல வைக்கணும்."