பதிலாள் தாடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை அல்சூர் சலூனில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்தவர் ஹவில்தார் கன்னியப்பன். ஜோகுபாளையத்தில் என் அடுத்த வீட்டுக்காரர். பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்து பத்து வருஷமாகிறது. முகத்தில் நான்கு மாதத் தாடி.

"முழுசா எடுத்துடு ரங்கப்பா" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான்கு மாதம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சிப்பாய் தாடி வளர்க்கலாமா? — யுத்தம் ஆரம்பித்த நாளாக எங்கள் ஆபீசில் டிபன் வேளையில் அடிபடுகிற கேள்வி இது. கூடவே கூடாது என்பது என் கட்சி. தன் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் துப்பாக்கியை எப்படிச் சரியாக வைத்துக்கொள்வான்? இப்படியெல்லாம் மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை என்பது வேறு விஷயம்.

ஹவில்தாரின் மகன் மாணிக்கமும் சிப்பாய்தான். அப்போது இங்கேயே கண்டோன்மெண்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். ஒரு ஞாயிறு நேராக என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"சார், இங்கிலீஷ்ல ஒரு பெட்டிஷன் எழுதித் தரணும். தாடி வளக்க பர்மிஷன் கேட்டு."

"உனக்கு எதுக்குப்பா தாடி?"

"சரோஜா முழுகாம இருக்கா சார். அஞ்சாம் மாசம்."

வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மனைவி கர்ப்பமாக இருந்தால், பிரசவம் ஆகிற வரைக்கும் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. ஆபீஸ் குமாஸ்தா தாடியோடு வந்தால் மானேஜர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். பட்டாளத்தில் விடுவார்களா?

சரோஜாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் முதல் கரு கலைந்ததும் இதே ஐந்தாம் மாதத்தில்தான். அப்போதும் மாணிக்கம் தினசரி சவரம் செய்துகொண்டுதான் இருந்தான். அந்தக் கத்திதான் குழந்தையைக் கொண்டுபோனது என்று அந்தப் பெண் நம்பினாள். இப்போது அவன் மழமழவென்ற கன்னத்தோடு வாசலில் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

எழுதினேன். தாடி கூடாது கட்சிக்காரன், தாடி கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். சர்தார்ஜிகளுக்கு அனுமதி உண்டே... மதத்துக்கு ஒரு நியாயம், குடும்ப வழக்கத்துக்கு ஒரு நியாயமா என்று அழுத்தமாகவே கேட்டிருந்தேன்.

பதில் வந்ததை மாணிக்கம் தன் வீட்டுக் கூடத்தில் வைத்து எங்களுக்குச் சொன்னான். அதிகாரி கெட்டவர் இல்லை. மாணிக்கத்தைக் கூப்பிட்டு, விஷவாயு முகமூடி ஒன்றை மாட்டிவிட்டு, அதன் விளிம்பு கன்னத்தோடு ஒட்டி உட்காருவதைக் காட்டினாராம். நடுவில் முடி இருந்தால் காற்று நுழையும். காற்று நுழைந்தால் விஷமும் நுழையும். பெட்டிஷன் தள்ளுபடி.

"சர்தார்ஜிக்கு மட்டும் நுழையாதா?" என்றேன் நான். மாணிக்கத்துக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

ஹவில்தார் மட்டும் சிரித்தார். "நான் சேந்த புதுசுல வெள்ளக்கார சோல்ஜர் மீசைய எடுத்தா தண்டனை சார். அப்புறம் எடுக்கலாம்னு ஆர்டர் வந்துச்சி. முடி கெடக்குது, அவங்களுக்கு ஆர்டர்தான் முக்கியம்."

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சரோஜா மாமனாரைப் பார்த்தாள். "அந்த முகமூடி சரியா ஒக்காரலேன்னா இவருக்கு இன்னா ஆவும் மாமா?"

ஹவில்தாரின் சிரிப்பு நின்றது. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. புருஷனிடம், "நீங்க வழிச்சிக்கினே இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வயிற்றுப் பிள்ளைக்கும் புருஷனுக்கும் நடுவில் ஒரு பெண்ணை இப்படி நிற்க வைத்த அந்த ரப்பர் முகமூடியின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாளிலிருந்து ஹவில்தார் சவரத்தை நிறுத்தினார். பென்ஷனில் வந்த பிறகும் விடிந்ததும் விடியாததுமாகக் கண்ணாடி முன் நிற்கிற மனிதர் அவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டேன்.

"சென்ட்ரிக்கு ஒடம்பு முடியலேன்னா வேற ஆளு நிக்கிறதில்லையா சார்?" என்றார். "யாரு நின்னா இன்னா, காவல் காவல்தான். பையனால முடியல, நான் நிக்கிறேன்."

மருமகளிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அவள் நம்பினாளோ இல்லையோ... அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாளாம்.

ஜோகுபாளையம் சும்மா இருக்குமா? "இன்னா ஹவில்தார், வீட்ல விசேஷமா?" என்று போகிற வருகிற இடமெல்லாம் கேட்டார்கள். அறுபது வயதில். அவர் மனைவி ராஜம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கொஞ்ச நாள் குழாயடிப் பக்கமே போகவில்லை. ஹவில்தார் அசையவில்லை. அடுத்த மாதம் மாணிக்கத்தின் பட்டாளம் ரயிலேறியது. கிழக்கே என்பது தவிர வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அந்த சலூன் ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை சரோஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம். சலூனில் எனக்கு வந்த சந்தோஷத்துக்குக் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

ரங்கப்பா என்னை நுரையோடு விட்டுவிட்டு அவருக்குத் துணியைப் போர்த்தி, கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே பேச்சுக்குக் கேட்டார். "மகனுக்குத் தெரியுமா யஜமான்ரே?"

"கடுதாசி போட்டிருக்கோம். அவன்கிட்டேருந்து காயிதம் வந்துதான் ஆறு வாரம் ஆவுது."

கத்தி கன்னத்தருகே வந்தது. ஹவில்தார் ரங்கப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார், மெதுவாகத்தான். கண்ணாடியில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேணாம் ரங்கப்பா. கொழந்த வந்துடுச்சி... அப்பன் இன்னும் வரலியே."

போர்த்திய துணியைத் தானே அவிழ்த்தார். நான்காக மடித்து நாற்காலிமேல் வைத்தார். எனக்கு ஒரு தலையசைப்பு, வெளியே நடந்துவிட்டார். என் முகத்தில் நுரை காய்ந்துபோயிருந்தது. ரங்கப்பாவுக்கும் எனக்கும் அது ஞாபகம் வர வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் ஆபீசில் டிபன் வேளை. தாடி வைத்த சிப்பாய் டூட்டியை ஒழுங்காகப் பார்ப்பானா என்று ஒருவர் வழக்கம்போல் ஆரம்பித்தார். ஆதரவுக்கு என் முகத்தைப் பார்த்தார். நான் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தாடி, நான்கு மாதமாக லீவு கேட்காமல் டூட்டியில் நிற்கிறது.