எந்த ஜன்னலில் தம்பி

சேலையூர் காமுவுக்கு அரசாங்க அலுவலகத்தில் ட்ரேசர் வேலை. எஞ்சினியர் பென்சிலில் போட்ட பாலப் படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, மசியில் அச்சாக நகலெடுக்க வேண்டும். தினமும் மின்சார ரயிலில் போய், இருபது வருடமாக ஊரார் பாலங்களை வரைந்துவிட்டு வருகிறவள். கண்ணால் பார்க்காத ஒரு கோட்டையும் போட மாட்டாள். அப்படி ஒரு பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுக்கு வேறொரு பைத்தியம் பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாவரவியலுக்கு வாங்குகிற ரெக்கார்டு நோட்டு ஒன்று வைத்திருந்தாள். கோடில்லாத பக்கத்தில் விமானப் படம், கோடு போட்ட எதிர்ப்பக்கத்தில் அதன் கதை. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பி அவள் மொட்டைமாடிக்கு மேலே வட்டமடிக்கும் பயிற்சி விமானம், மீனம்பாக்கத்துப் பழைய விமானக் கொட்டகை என்று பதினோரு பக்கம் முடிந்திருந்தது. யாரும் பார்த்ததில்லை. பார்க்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பா அம்மா போனபின் அவள் வளர்த்து ஆளாக்கிய தம்பி தோத்தாத்ரி எண்பத்தாறில் அமெரிக்கா போனவன், போனவன்தான்.

தொண்ணூற்றொன்றில் பன்னிரண்டாம் பக்கத்தை ஆரம்பித்தாள். தம்பி போன நாள். அப்போதெல்லாம் ஒருத்தன் வெளிநாடு போனால் தெருவே வேன் பிடித்து வழியனுப்பப் போகும். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் ஏறி நிற்பார்கள். “கிளிப்பச்சைப் புடவை கட்டிண்டு வாக்கா, ஜன்னல்லேர்ந்து கண்டுபிடிச்சுடுவேன்” என்று சொல்லியிருந்தான். கட்டிக்கொண்டு போனாள். அமெரிக்காவுக்கு மாறி ஏற அவன் போன பம்பாய் விமானம் நகர்ந்ததும், அது புள்ளியாகிற வரைக்கும் கை காட்டினாள். மாடத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான். உள்ளேயிருந்து யார் பார்க்கிறார்கள் என்று எவருக்குத் தெரியும்?

அன்றைக்கு வாங்கிய மாட டிக்கெட்டைச் சோற்றுப் பசை தடவி ஓரத்தில் ஒட்டினாள். இறக்கை, வால், வரிசையாக ஜன்னல்கள், எல்லாம் வந்துவிட்டன. தம்பி முகத்தை எந்த ஜன்னலில் வைப்பது? அங்கேதான் மாட்டிக்கொண்டாள். குத்துமதிப்பாக ஒன்றில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? காமுவுக்கு அது முடியாது. வெளிநாட்டுக்கு எழுதும் ஏரோகிராம் தாள் வாங்கிக் கேட்டு எழுதினாள். எத்தனையாவது ஜன்னல், இறக்கைக்கு முன்னாலா பின்னாலா என்று. நிஜமாகக் கேட்க நினைத்ததை மடிக்கும் ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தாள்: ‘நான் தெரிந்தேனா?’

ஐந்து வாரம் தபால்காரன் ஜெயவேலுவின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். ஒரு சனிக்கிழமை வந்தது.

“யக்கா, பாரின் லெட்டர் வந்துகீது!”

வாசலிலேயே பிரித்தாள். ‘அக்கா, இன்னும் இதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கியா? இறக்கைக்கு முன்னால மூணாவது ஜன்னல். ஆனா நான் அங்க உக்காரலை. ஒரு அம்மா கைக்குழந்தையோட தவிச்சிண்டிருந்தா, விமானம் கிளம்பறதுக்கு முன்னாலயே அவளுக்குக் கொடுத்துட்டு நடைபாதை பக்கம் மாறிண்டேன். உடனே தூங்கிட்டேன்.’

“தம்பி இன்னா எழுதிகீறாரு?”

“சௌக்கியமா இருக்கானாம்” என்றாள் காமு.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவன் செய்தது நல்ல காரியம். அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அதுதான் இன்னும் வலித்தது. ஐந்து வருடமாக அவள் மனசுக்குள் அந்த ஜன்னலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை.

மறுநாள் மத்தியானம் நோட்டைத் திறந்தாள். இறக்கைக்கு முன்னால் மூன்றாவது ஜன்னலில், முன்பின் பார்த்திராத அந்த அம்மாவை வரைந்தாள். மடியில் குழந்தை. அதன் கையைக் கண்ணாடிமேல் விரித்து வைத்தாள். எதிர்ப்பக்கத்தில் எழுதினாள்:

‘அன்றைக்கு என்னைப் பார்த்துக் கை காட்டியது இந்தக் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.’